பெயர் ஒன்று, ஊர் பல

நுழையும்முன்

ஊர்ப்பெயர் நிலத்தின் அடையாளம். அந்நிலத்தில் வாழ்ந்தோரின் வரலாறும் ஆகும். ஆறு, துறை, காடு, மரம், கோயில் ஆகியவற்றைக் கொண்டு ஊர்களுக்குப் பெயரிட்ட தமிழர், ஒரே பெயரைப் பல இடங்களுக்கு இட்டுள்ளனர். மனிதரிடம் வழி கேட்ட காலத்தில் இது பெருஞ்சிக்கலாக இல்லை. கணினியிடம் வழி கேட்கும் இக்காலத்தில், ஒரே பெயருடைய ஊர்களுள் எதனை முதலில் காட்டுவது என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. அம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது, அதில் யாருக்கு என்ன இழப்பு நேரக்கூடும் என்பவற்றைக் காவிரிப் படுகையின் ஊர்களைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

எந்தப் பாபநாசம்?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியில், நெல்வயல்களுக்கு நடுவே அமைந்துள்ள ஊர் பாபநாசம். இது தஞ்சாவூர் மாவட்டத்தின் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்று. பொதிகை மலையடிவாரத்தில், தாமிரபரணி சமவெளியை நோக்கி இறங்கும் இடத்தில் மற்றொரு பாபநாசம் உள்ளது. அணையும் அகத்தியர் அருவியும் கொண்ட அவ்வூர், திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு உண்டு.

'பாபநாசம்' என்று மட்டும் ஒருவர் திறன்பேசியில் உள்ளிட்டால், அவர் விரும்புவது எந்த ஊர்? நெல்லைச் சீமையைக் களமாகக் கொண்டு 2015-இல் வெளிவந்த 'பாபநாசம்' என்னும் திரைப்படத்தையும் அவர் தேடியிருக்கலாம். இசைமேதை பாபநாசம் சிவனைப் பற்றி அறிய விரும்பியும் இருக்கலாம். அவருடைய பெயரில் உள்ள பாபநாசம், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தது. ஆக, ஒரே சொல்லுக்கு இரண்டு ஊர்களும் ஒரு திரைப்படமும் ஒரு மனிதரும் உரியவராக நிற்கின்றனர்.

இதுபோன்ற இரட்டைப் பெயர்கள் தமிழகத்தில் மிகுதி. குருபகவான் வழிபாட்டுக்குப் பெயர்பெற்ற ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. வட்டத் தலைமையிடமாகிய ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. அம்மாபேட்டை என்னும் பெயரில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊரும், ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊரும், சேலம் மாநகரில் ஒரு பகுதியும் உள்ளன. வல்லம் என்னும் பெயர் தஞ்சாவூர் அருகிலும் காஞ்சிபுரம், தென்காசி மாவட்டங்களிலும் வழங்குகிறது. உலக அளவிலும் இதே நிலைதான். சேலம் என்னும் பெயரில் தமிழகத்தில் ஒரு மாநகரம் இருப்பதுபோல், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தலைநகருக்கும் அதே பெயர் உண்டு.

மூன்று படிகள்

இடங்களைத் தேடித் தரும் மென்பொருள் மூன்று படிகளில் செயற்படுகிறது. முதற்படி, பயன்படுத்துபவர் உள்ளிட்ட சொற்களுள் ஊர்ப்பெயர் எது என்று அறிதல். இரண்டாம் படி, அப்பெயருக்குப் பொருந்தும் எல்லா இடங்களையும் பதிவேட்டிலிருந்து திரட்டுதல். மூன்றாம் படி, திரட்டியவற்றை வரிசைப்படுத்துதல்.

இரண்டாம் படிக்கு அடிப்படையாக அமைவது இடப்பெயர்ப் பதிவேடு. ஒவ்வோர் இடத்தின் பெயர், மாற்றுப் பெயர்கள், அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, அது நகரமா, கிராமமா, ஆறா, மலையா என்னும் வகை ஆகியவை அதில் பதிவு செய்யப்பட்டிருக்கும். ஜியோநேம்ஸ் என்னும் திறந்தநிலைப் பதிவேட்டில் உலகெங்கிலும் உள்ள ஒரு கோடிக்கும் மேற்பட்ட இடங்கள் இடம்பெற்றுள்ளன. இந்தியாவில் மட்டும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 6.4 இலட்சம் கிராமங்கள் உள்ளன. இத்தனை இடங்களுக்குள் ஒரு பெயரைத் தேடும்போது ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் கிடைப்பது இயல்பு. திறன்பேசியின் சிறிய திரையில் முதலில் தெரியும் ஒன்றிரண்டு விடைகளையே பெரும்பாலோர் காண்கின்றனர். எனவே மூன்றாம் படியே தேடலின் பயனை முடிவு செய்கிறது.

எழுத்தும் ஒலியும்

வரிசைப்படுத்துவதற்கு முன், பெயரைச் சரியாக இனங்காண வேண்டும். தமிழில் இது எளிய பணியன்று. 'பாபநாசத்துக்கு வழி' என்று ஒருவர் உள்ளிடும்போது, பதிவேட்டில் 'பாபநாசத்துக்கு' என்னும் ஊர் இராது. அத்துச் சாரியையையும் நான்காம் வேற்றுமை உருபையும் நீக்கி, மகர ஈற்றைச் சேர்த்தால்தான் 'பாபநாசம்' கிடைக்கும். 'திருவையாற்றில்' என்பதில் இரட்டித்த றகரத்தை அறிந்தால்தான் 'திருவையாறு' கிடைக்கும். வகுப்பறையில் பயிலும் புணர்ச்சி இலக்கணம் மென்பொருளுக்கும் தேவைப்படுகிறது.

மரூஉப் பெயர்கள் அடுத்த தடை. தஞ்சாவூர் 'தஞ்சை' எனவும் நாகப்பட்டினம் 'நாகை' எனவும் கும்பகோணம் 'குடந்தை' எனவும் வழங்குகின்றன. புதுக்கோட்டையைக் குறிக்கும் 'புதுகை', புதுச்சேரியைக் குறிக்கும் 'புதுவை' ஆகிய இரண்டும் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. எழுத்துப்பிழையைத் திருத்த முனையும் மென்பொருள், ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடக்கூடும்.

ஒலி ஒற்றுமையால் விளையும் குழப்பத்துக்குக் குத்தாலம் தக்க சான்று. மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரிக்கரையில் உள்ளது குத்தாலம். திருத்துருத்தி என்பது அதன் பழம்பெயர். தென்காசி மாவட்டத்தில் உள்ளது அருவிகளால் புகழ்பெற்ற குற்றாலம். எழுத்தில் இவை வெவ்வேறு. பேச்சு வழக்கிலோ 'ற்ற' என்பது 'த்த' என ஒலிப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மயிலாடுதுறையில் இருக்கும் ஒருவர் திறன்பேசியிடம் வாய்மொழியாகக் 'குத்தாலம்' என்று கேட்டால், பக்கத்து ஊரைக் காட்டுவதா, மாநிலத்தின் மறுகோடியில் உள்ள அருவியைக் காட்டுவதா என்னும் ஐயம் மென்பொருளுக்கு எழுகிறது.

உரோமன் எழுத்தில் உள்ளிடுவோர்க்குச் சிக்கல் இன்னும் பெருகும். தகர டகர வேறுபாடும் ளகர ழகர வேறுபாடும் அவ்வெழுத்தில் ஒரே முறையில் எழுதப்படுவதில்லை. தமிழ்நாட்டின் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஓர் ஊரின் பெயரை வேற்றெழுத்தில் எழுதுவதில் ஒருமித்த கருத்தை எட்டுவது எத்துணை அரிது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. எனவே தேடல் மென்பொருள் ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்களை ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள 'கொரடாச்சேரி' என்னும் பெயரின் முதலெழுத்தைக் கணினியில் இரு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அமைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. இரண்டும் சமம் என ஒருங்குறி முறை வரையறுத்துள்ளது. தேடுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் மென்பொருளே இவ்வூரைத் தவறாமல் கண்டறியும்.

தரவரிசையின் அளவுகோல்கள்

பெயர் பொருந்திய இடங்களை வரிசைப்படுத்த மென்பொருள் பல அளவுகோல்களைக் கையாளுகிறது. அவற்றுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது, முதன்மை. பலராலும் அறியப்பட்ட இடத்துக்கு உயர்ந்த மதிப்பு அளிக்கப்படும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-இல் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் உலக வரைபடம். அதன் தேடுபொறிக்கு நாமினாட்டிம் என்று பெயர். 'பெயரைக்கொண்டு' என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். ஓர் இடத்தைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைக்குப் பிற கட்டுரைகளிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றன என்பதை வைத்து அது அவ்விடத்தின் முதன்மையைக் கணிக்கிறது. கட்டுரை இல்லாத சிற்றூர்க்கு, அது எவ்வகை இடம் என்பதைப் பொறுத்து ஒரு பொதுமதிப்பு வழங்கப்படுகிறது. வணிக நிறுவனங்களின் தேடுபொறிகள் தம் கணக்கிடும் முறையை முழுமையாக வெளியிடுவதில்லை.

இரண்டாவது, அண்மை. பயன்படுத்துபவர் நிற்கும் இடத்துக்கு, அல்லது அவர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் வரைபடப் பகுதிக்கு அருகில் உள்ள ஊருக்குக் கூடுதல் மதிப்பு அளிக்கப்படும். எல்லாப் பொருள்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றாலும், அருகில் இருப்பவையே நெருங்கிய தொடர்புடையவை என்னும் கருத்தை அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1970-இல் முன்வைத்தார். அக்கருத்தின் பயன்பாடாகவே இவ்வளவுகோலைக் கருதலாம்.

மூன்றாவது, சூழல். உள்ளிட்ட பெயரோடு வரும் பிற சொற்கள் வழிகாட்டும். 'ஆலங்குடி, வலங்கைமான்' என இருந்தால் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி என்றும், 'ஆலங்குடி, அறந்தாங்கி' என இருந்தால் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி என்றும் கொள்ளலாம். இவ்விரு ஆலங்குடிகளுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே உள்ளது. தஞ்சாவூரில் நின்று தேடுபவர்க்கு இரண்டுமே எட்டும் தொலைவில் இருப்பதால், இங்கு அண்மையைவிடச் சூழலே மிகுதியாக உதவும். 'காவிரிக்கரை அம்மாபேட்டை' என்றால் ஈரோடு மாவட்டத்து ஊர் முன்வர வேண்டும். 'அம்மாபேட்டை, பாபநாசம் வட்டம்' என்றால் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் முன்வர வேண்டும்.

கணக்கிடும் முறை

இவ்வளவுகோல்கள் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. எந்தத் தேடுபொறியின் உண்மை மதிப்புகளும் அல்ல. தஞ்சைப் பாபநாசத்தின் முதன்மை 0.35 எனவும், நெல்லைப் பாபநாசத்தின் முதன்மை 0.45 எனவும் வைத்துக்கொள்வோர், அண்மைக்கும் 0 முதல் 1 வரை மதிப்பளித்து இரண்டையும் கூட்டுவர்.

கும்பகோணத்தில் இருப்பவர் தேடும்போது, தஞ்சைப் பாபநாசத்தின் அண்மை 0.90, நெல்லைப் பாபநாசத்தின் அண்மை 0.10. கூட்டுத்தொகை முறையே 1.25, 0.55. தஞ்சைப் பாபநாசமே முதலிடம் பெறும். அம்பாசமுத்திரத்தில் இருப்பவர் தேடும்போது அண்மை மதிப்புகள் 0.10, 0.95 என மாறும். கூட்டுத்தொகை 0.45, 1.40 ஆகும். இப்போது நெல்லைப் பாபநாசம் முதலிடம் பெறும். இரண்டு முடிவுகளும் பொருத்தமானவையே.

சென்னையில் இருப்பவர் தேடினால் என்ன ஆகும்? இரண்டு ஊர்களும் தொலைவில் உள்ளன. அண்மை 0.20, 0.10 எனக் கொண்டால் இரண்டின் கூட்டுத்தொகையும் 0.55 ஆகிவிடும். எண்களால் மட்டும் முடிவு காண இயலாத நிலை இது.

அளவுகோல்களுக்கு அளிக்கும் எடையும் முடிவை மாற்றும். முதன்மைக்குப் பத்து மடங்கு எடை அளித்தால், கும்பகோணத்தில் நிற்பவர்க்குத் தஞ்சைப் பாபநாசம் 4.40 பெறும், நெல்லைப் பாபநாசம் 4.60 பெறும். அடுத்த ஊருக்குச் செல்ல விரும்பியவர்க்கு, ஒரு பகற்பயணத் தொலைவில் உள்ள மலையடிவாரம் முதல் விடையாகக் காட்டப்படும். கூட்டலில் பிழை இல்லை. எடையைத் தீர்மானித்தவரின் மதிப்பீடே பிழை. தரவரிசை என்பது இயற்கை விதியன்று. எது முக்கியம் என்று மனிதர் எடுத்த முடிவின் எண்வடிவம் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

ஊரா, பொருளா?

சில பெயர்கள் ஊரைக் குறிக்கின்றனவா என்பதே ஐயத்துக்குரியது. திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலம் என்னும் ஊர் உள்ளது. 'நன்னிலம்' என்பது நல்ல நிலம் என்னும் பொருளும் தரும். 'சிதம்பரம்', 'பழனி' போன்றவை ஊர்ப்பெயர்களாகவும் மனிதர் பெயர்களாகவும் வழங்குகின்றன.

நெல்வயல் சூழ்ந்த இப்பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. கும்பகோணம் அருகே உள்ள ஆடுதுறையில் 1922-இல் நெல் ஆராய்ச்சிக்கான நிலையம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையமாக அது இன்று விளங்குகிறது. அங்கு உருவாக்கப்பட்ட நெல் இரகங்கள் ஊர்ப்பெயரோடு எண் சேர்த்து வழங்கப்படுகின்றன. 'ஆடுதுறை 43' என்று தேடும் உழவர்க்கு வேண்டியது விதைநெல்; ஆடுதுறைக்குச் செல்லும் வழியன்று. 'ஆடுதுறை 43 கிலோமீட்டர்' என்று தேடுபவர்க்கோ வழிதான் வேண்டும். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறுவதை மென்பொருள் உணர வேண்டும்.

முன்னோர் கண்ட வழிகள்

ஒரே பெயர் பல ஊர்களுக்கு அமைவதால் வரும் சிக்கலைக் கணினிக்கு முன்பே தமிழர் எதிர்கொண்டு, அதற்குப் பல தீர்வுகளையும் கண்டனர். திசையைச் சேர்த்துச் சொல்லுதல் அவற்றுள் ஒன்று. தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் திருக்காட்டுப்பள்ளிகள் இரண்டு. தஞ்சாவூருக்கு மேற்கே உள்ளது மேலைத் திருக்காட்டுப்பள்ளி. திருவெண்காட்டுக்கு அருகில் உள்ளது கீழைத் திருக்காட்டுப்பள்ளி. அவ்வாறே குரங்காடுதுறைகளும் இரண்டு. காவிரியின் தென்பால் உள்ள தென்குரங்காடுதுறையே மேற்கூறிய ஆடுதுறை. வடகரையில் உள்ள வடகுரங்காடுதுறை, ஆடுதுறைப் பெருமாள் கோயில் என்று வழங்குகிறது. இங்குக் கோயிலின் பெயர் வேறுபாடு காட்டும் அடையாக அமைந்துள்ளது.

முதலெழுத்தைச் சேர்த்தல் மற்றொரு வழி. பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள சு.ஆடுதுறை, விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வ.புதுப்பட்டி போன்றவை மனிதர் பெயருக்கு முன்னெழுத்து அமைவதுபோல் அமைந்தவை. இம்முன்னெழுத்தை 'தேவையற்றது' என்று நீக்கிவிடும் மென்பொருள், ஊரின் தனி அடையாளத்தையே நீக்கிவிடுகிறது.

நிருவாகப் பிரிவுகளை அடுக்கிச் சொல்லும் முறை இவற்றினும் செம்மையானது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களை அவை குறிப்பிடும்போது, ஊரின் பெயரை மட்டும் கூறாமல் அது எந்த வளநாட்டில், எந்த நாட்டில் அல்லது கூற்றத்தில் உள்ளது என்றும் கூறுகின்றன. தலைநகரமாகிய தஞ்சாவூரே, பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்தில் உள்ள தஞ்சாவூர் என்று சுட்டப்படுகிறது. கோயிலுக்கு வரவேண்டிய நெல் எந்த ஊரின் கடமை என்பதில் ஐயம் எழுந்துவிடக்கூடாது என்பதற்கு அத்துணைக் கவனம் தேவைப்பட்டது. ஊர், வட்டம், மாவட்டம் என இன்று எழுதப்படும் முகவரியும், பதிவேடுகளில் இடங்கள் அடுக்கி வைக்கப்படும் முறையும் இதே கருத்தைத் தழுவியவையே.

1972-இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணும் இவ்வரிசையில் சேரும். தஞ்சைப் பாபநாசத்தின் குறியீட்டு எண் 614 என்றும், நெல்லைப் பாபநாசத்தின் குறியீட்டு எண் 627 என்றும் தொடங்கும். மூன்று இலக்கங்களே இரண்டு ஊர்களையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

மாறும் எல்லைகள்

நிருவாகப் பிரிவைக் கொண்டு ஊரை இனங்காணும்போது ஒரு கவனம் தேவை. எல்லைகள் காலந்தோறும் மாறுகின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் மாவட்டம் உருவானது. 2020-இல் நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. மயிலாடுதுறை என்னும் பெயரும் 1982-க்குப் பின்னரே அலுவல் வழக்குக்கு வந்தது. அதற்கு முன் அது மாயூரம், மாயவரம் என வழங்கியது.

1985-ஆம் ஆண்டின் நில ஆவணம் ஒன்றில் 'குத்தாலம், தஞ்சாவூர் மாவட்டம்' என்று இருந்தால், அக்காலத்தில் அது சரியே. இன்றைய எல்லையை மட்டும் அறிந்த மென்பொருள், தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் தேடிக் குத்தாலம் என ஓர் ஊர் இல்லை என்று கூறிவிடக்கூடும். ஆகவே மாவட்டப் பெயரை விலக்க முடியாத கட்டளையாகக் கொள்ளாமல், மதிப்பைக் கூட்டும் குறிப்பாகக் கொள்வதே நல்லது. பழைய பெயர்களையும் பழைய எல்லைகளையும் ஆண்டுகளோடு சேர்த்துப் பாதுகாக்கும் பதிவேடே நெடுங்காலப் பயன் தரும்.

கடைமடை ஊர்கள்

காவிரிப் படுகையில் தலைமடை, கடைமடை என்னும் சொற்கள் நாளும் வழங்குபவை. வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள வயல்களுக்குத் தண்ணீர் முதலில் பாயும்; இறுதியில் உள்ள கடைமடை வயல்களுக்குக் கடைசியில் வந்துசேரும். மேட்டூர் அணையில் எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்பது மட்டும் பாசனத்தின் வெற்றியைக் காட்டாது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதே உழவர் கேட்கும் கேள்வி.

தேடல் மென்பொருளின் தரத்தை அளப்பதற்கும் இக்கேள்வி பொருந்தும். சரியான விடை முதலிடத்தில் இருந்தால் 1, இரண்டாம் இடத்தில் இருந்தால் 1/2, பத்தாம் இடத்தில் இருந்தால் 1/10 என மதிப்பளித்துச் சராசரி காண்பது வழக்கமான அளவீடுகளுள் ஒன்று. பத்துத் தேடல்களில் ஒன்பது பெருநகரங்களுக்கானவை. அவற்றின் விடைகள் முதலிடத்திலேயே உள்ளன. எஞ்சிய ஒன்று சிற்றூருக்கானது. அதன் விடை பத்தாம் இடத்தில் உள்ளது. சராசரி 0.91. இது மிக உயர்ந்த மதிப்பெண். ஆயினும் அச்சிற்றூரைத் தேடியவர்க்கு அந்த மதிப்பெண்ணால் பயனில்லை.

இக்குறை தானாகவே வளரும் இயல்புடையது. முதலிடத்தில் காட்டப்படும் ஊரையே பலரும் தொடுகின்றனர். பலரும் தொட்டதாலேயே அவ்வூர் முதன்மையானது என்று மென்பொருள் மீண்டும் கற்றுக்கொள்கிறது. கீழே உள்ள ஊர் மேலும் கீழே தள்ளப்படுகிறது. சிற்றூர்களின் பெயர்கள் பதிவேட்டில் உரோமன் எழுத்தில் மட்டும் இருந்து, தமிழ் எழுத்தில் இல்லாதிருந்தால், தமிழில் தேடுவோர்க்கு அவை கிடைக்காமலே போகும். அதே பெயருடைய பெரிய ஊர் ஒன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இயல்பான நாளில் இது சிறு தொல்லை. இடர்ப்பொழுதில் இதுவே உயிர்ச்சிக்கலாகும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, படுகை மாவட்டங்களின் வீடுகளையும் தென்னைகளையும் சாய்த்தது. அத்தகைய வேளையில் உணவும் மருந்தும் வேண்டி வரும் செய்திகளில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும். வட்டமும் மாவட்டமும் எழுத அவகாசம் இராது. வெளியூரிலிருந்து உதவ வருபவர்க்கு அப்பெயர் புதிது. மென்பொருள் காட்டும் முதல் விடையை நம்பியே ஊர்தி புறப்படும். பெயர் ஒன்றாகி ஊர் வேறானால், இழப்பது கிலோமீட்டர்கள் மட்டுமல்ல.

கேட்டுத் தெளிதல்

பேருந்தில் ஏறிய ஒருவர் 'ஆலங்குடி' என்று பயணச்சீட்டுக் கேட்டால், ஐயமுற்ற நடத்துநர் 'எந்த ஆலங்குடி? குரு கோயில் ஆலங்குடியா?' என்று கேட்பார். ஐயம் உள்ள இடத்தில் கேட்டுத் தெளிவது அறிவின்மையன்று, அறிவின் அடையாளம். நல்ல தேடல் மென்பொருளும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு விடைகளின் மதிப்புகள் மிக நெருங்கியிருந்தால், ஒன்றை உறுதியாகக் காட்டாமல், மாவட்டப் பெயரோடும் அறிந்த அடையாளத்தோடும் இரண்டையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். சென்னையில் இருந்து பாபநாசத்தைத் தேடியவர்க்கு ஏற்பட்ட சமநிலைக்கு இதுவே தீர்வு.

பயன்படுத்துவோர்க்கும் கடமை உண்டு. ஊர்ப்பெயரோடு வட்டத்தையோ மாவட்டத்தையோ அஞ்சல் குறியீட்டு எண்ணையோ சேர்த்துத் தேடுவது முதற்பழக்கம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த வரைபடங்களில் ஊரின் தமிழ்ப்பெயரையும் வழக்குப்பெயரையும் பழம்பெயரையும் பதிவுசெய்ய எவரும் பங்களிக்கலாம். அங்குத் தமிழ்ப்பெயருக்கெனத் தனிப்புலமே உள்ளது. ஓர் ஊரின் பெயரை அவ்வூரார் அறிந்த அளவுக்கு எந்தக் கணினியும் அறியாது. வாய்க்காலைத் தூர்வாரினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் செல்லும். பதிவேட்டைச் செம்மைப்படுத்தினால்தான் சிற்றூரும் தேடலில் தலைகாட்டும். அப்பணிக்கு ஊர்ப்பெயரைப் பிழையின்றி எழுதத் தெரிந்த தமிழறிவும், நிரல் எழுதத் தெரிந்த கணினியறிவும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பெயரிலோ அதனோடு ஒலி ஒத்த பெயரிலோ அமைந்த வேறு ஊர்களைத் திரட்டுக. அவற்றை வேறுபடுத்த மக்கள் வழங்கும் அடைமொழிகளைப் பட்டியலிடுக.

2. 'திருவையாற்றுக்கு', 'நன்னிலத்தில்', 'தஞ்சையிலிருந்து' ஆகிய சொற்களிலிருந்து ஊர்ப்பெயரைப் பிரித்தெடுக்கும் படிநிலைகளை இலக்கணக் குறிப்புடன் எழுதுக.

3. பாடத்தில் உள்ள கணக்கில் அண்மைக்கு இரு மடங்கு எடை அளித்தால், சென்னையிலிருந்து தேடுபவர்க்கு எந்தப் பாபநாசம் முதலிடம் பெறும்? அம்முடிவு ஏற்கத்தக்கதா என வகுப்பில் கலந்துரையாடுக.

4. 'தேடுபொறியின் முதல் விடையே சரியான விடை' என்னும் கருத்தை மறுத்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.